குவாட் 405-க்கு எந்தப் பிரீஆம்ப்: வால்வோ, ட்ரான்சிஸ்டரோ?

வீட்டில நிக்கிறது குவாட் 405, ஸ்பீக்கரை ஓட்டுற பவர் ஆம்ப். அதுக்கு முன்னால சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பிரீஆம்ப் ஒண்டு வேணும். உள்ளீட்டுத் தடை 20 கிலோ ஓம். உள்ளீட்டில அரை வோல்ட் வந்தாலே முழுச் சத்தம். யாழ்ப்பாணத்தில பழசாக் கிடைச்சது ரெண்டு பிரீஆம்ப்.

வால்வ் பிரீஆம்பின்ர குரல் தேன். நாதஸ்வரம் போட்டால் சீவாளியின்ர ஈரம் கூடக் கேக்கும். ஆனால் வெளியீட்டுத் தடை 4 கிலோ ஓம். 405-இன்ர உள்ளீட்டுத் தடை அதைப்போல பத்து மடங்காவது இருக்கவேணும், இது ஐஞ்சு மடங்குதான். வெளியீட்டுக் கொண்டென்சரும் சின்னனெண்டால் தவிலின்ர தொப்பிப் பக்கத்துக் கனத்த சத்தம் மெலியும். கெயினும் (சிக்னலைப் பெருக்கிற அளவு) கூடிப்போச்சு. குமிழைக் கொஞ்சம் தொட்டாலே வீடு அதிருது, இரவில கேக்கேலாது.

மற்றது குவாட் 33, ட்ரான்சிஸ்டர் பிரீஆம்ப். 1967-இல் குவாட் 303 பவர் ஆம்புக்கெண்டு செய்தது. வெளியீடும் அரை வோல்ட், 405-க்கு அளவாப் பொருந்தும். பின்னால டின் (DIN) எண்ட பழைய வட்டச் சொக்கெற், வயர் நாங்கள்தான் பத்தவைக்கவேணும். குமிழ் கரகரத்தது, உப்புக்காத்துத்தான். கிளீனர் அடிக்க அடங்கீற்றுது.

"தம்பி, உதில தேன் இல்லை" எண்டார் அண்ணை. ஓம், இல்லைத்தான். நான் 33-ஐத் தூக்கினன்.