ஓடுபாதையா, கப்பல் தளமா?

போர் விமானியாக விமானப்படையில் சேர்வதா, கடற்படையில் சேர்வதா? விமானப்படை விமானிக்குப் பெரும்பாலும் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட ஓடுபாதை கிடைக்கிறது. தரையை நெருங்கியதும் மூக்கைச் சற்றே உயர்த்தி, சக்கரங்களைப் பூப்போலப் பதிக்கலாம்.

கடற்படை விமானி இறங்கும் விமானந்தாங்கிக் கப்பலில் அந்த நளினம் உதவாது. தளமே நகர்கிறது, ஏறி இறங்குகிறது. விமானத்தை நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டிய, அதன் வால் கொக்கி பற்ற வேண்டிய கம்பிகளோ 3 அல்லது 4 மட்டுமே. ஆகவே ஒரே சரிவில் வந்து அறைந்தாற்போல் இறங்குகிறார்கள். சக்கரம் தொட்டதும் எஞ்சினை முழு விசைக்குத் தள்ளுவதுதான் விந்தை: கொக்கி தவறினால் மீண்டும் பறந்தாக வேண்டுமே! அமெரிக்கக் கடற்படையில் ஒவ்வோர் இறக்கத்துக்கும் மதிப்பெண் உண்டு. சகாக்கள் பார்க்கும்படி பலகையில் ஏற்றிவிடுவார்கள். கூச்ச சுபாவிகளுக்கு ஏற்ற இடமல்ல.

குடும்பத்தோடு இருக்க விரும்பினால் விமானப்படையே மேல். கடற்படையில் மாதக்கணக்கில் கடல்தான், உறங்கும் அறைகூடப் பங்குதான்.