நீல ரோஜா விதை வாங்கினேன், தக்காளி முளைத்தது

வராந்தாவில் நாலு தொட்டி வைத்துப் பூவும் மூலிகையும் வளர்க்கலாம் என்று நினைத்து, இணையத்தில் 'எல்லாம் அடங்கிய செட்' தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கட்டுமுன் என் கதையைப் படித்துவிடுங்கள். எட்டு தொட்டி, ஒரு கட்டி மண்கலவை, பன்னிரண்டு விதை பாக்கெட் என்று என் தலையில் கட்டினார்கள். உருப்படியாக வந்தது ஒன்றே ஒன்று. அதுவும் நான் கேட்டதில்லை.

தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடியில் ஓட்டைக்கான வட்டம் மட்டும் அச்சாகியிருந்தது, ஓட்டை இல்லை. ஆணியைச் சூடாக்கிக் குத்தினேன், இரண்டு தொட்டி விரிந்துபோனது. சரி, போகட்டும் என்று விட்டேன். அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்தது மண்கலவை. 'கழுவிய கோகோபீட், உரம் கலந்தது' என்று அட்டையில் போட்டிருந்தது. கோகோபீட் என்றால் தேங்காய் மட்டையில் நார் எடுக்கும்போது கிடைக்கும் தூள். நம்பி, ஊறவைத்து அப்படியே தொட்டியில் நிரப்பினேன். நன்றாகத் துளிர்விட்டுக்கொண்டிருந்த புதினாக் கொடி ஒன்றை அதில் மாற்றி நட்டேன். ஒரே வாரத்தில் இலை ஓரமெல்லாம் நெருப்பில் காட்டிய மாதிரி பழுப்பாகிவிட்டது. தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு. அதை உப்புநீரில் ஊறப்போட்டு நார் எடுத்திருந்தால் இன்னும் கூடும். அதனால்தான் கழுவாத கோகோபீட்டில் செடி கருகுகிறது. மீதிக் கட்டியைப் பிறகு வாளியில் போட்டு அலசிப் பார்த்தேன். முதல் தண்ணீர் கறுப்பாக இறங்கியது, நாலாவது தண்ணீரில்தான் கொஞ்சம் வெளுத்தது. கழுவியதாம்! இன்னொன்று, கோகோபீட் ஈரத்தைப் பிடித்துவைக்குமே தவிர, அதில் செடிக்கான சத்து மிகக் குறைவு. உரம் என்று அவர்கள் சொன்னது எங்கே இருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

விதையில்தான் உண்மையான வேலையைக் காட்டினார்கள். பன்னிரண்டு பாக்கெட்டும் ஒரே மாதிரி வெள்ளைக் கவர், மேலே ஒரு படம், அவ்வளவுதான். தாவரவியல் பெயர், பேக் செய்த தேதி, லாட் எண் எதுவும் இல்லை. பத்து நாளாகியும் திருநீற்றுப்பச்சை தலைகாட்டாததால் கடையின் சாட்டில் கேட்டேன். "மூலிகை விதை முளைக்க நேரமாகும், 45 நாள் பொறுங்கள்" என்று பதில் வந்தது. இதில் பாதி உண்மை இருப்பதுதான் சாமர்த்தியம். பார்ஸ்லி மூன்று, நான்கு வாரம்கூட எடுக்கும். ரோஸ்மேரி விதை நல்லதாகவே இருந்தாலும் சொற்பமாகத்தான் முளைக்கும். ஆனால் திருநீற்றுப்பச்சை அப்படியில்லை, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு வாரம், பத்து நாளில் வந்துவிட வேண்டும். நானும் பொறுமையாக இருந்தேன். அப்புறம்தான் கவனித்தேன், பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு 15 நாள். என்னைக் காக்கவைத்ததே அந்தக் கெடு தாண்டத்தான்.

பெப்பர்மின்ட் பாக்கெட்டும் ஒன்று இருந்தது. உண்மையான பெப்பர்மின்ட் இரண்டு வகைப் புதினா கலந்து உருவான மலட்டுச் செடி. பொதுவாக அதில் விதை பிடிக்காது, தண்டையோ வேரோடு ஓடும் கொடியையோ வெட்டித்தான் பெருக்குவார்கள். ஆக, அந்தப் பாக்கெட்டில் எதை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம்.

இனி நீல ரோஜா. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் செட்டையே வாங்கினேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். நீலப் பூக்கள் பலவற்றுக்கு நிறம் தரும் டெல்பினிடின் என்ற நிறமி ரோஜாவில் உருவாவதே இல்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பேன்சிப் பூவின் மரபணுவைப் புகுத்தி ஒரு ரோஜாவை உருவாக்கி 2004இல் அறிவித்தது, 2009இல்தான் அது விற்பனைக்கே வந்தது. அத்தனை பாடுபட்டும் கிடைத்த நிறம் இளம் ஊதாதான். பாக்கெட்டின் படத்திலோ பேனா மை நீலம்! போதாததற்கு, ரோஜா விதையைப் பொதுவாகச் சில வாரம் ஈரக் குளிரில் வைத்தால்தான் முளைக்கும், முளைத்தாலும் தாய்ச் செடியின் பூவே வரும் என்று சொல்ல முடியாது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

கவரில் இருந்தவை தட்டையாக, வெளிர் மஞ்சளாக, மேலே மெல்லிய பூனைமுடி படர்ந்த விதைகள். ஆறாம் நாளே ஐந்து முளைத்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை, தெரிந்தவர்களுக்கெல்லாம் படம் அனுப்பினேன். அடுத்தடுத்து வந்த இலைகள் பல்பல்லாகப் பிளந்து, தண்டெல்லாம் முடியாக இருந்தபோதுதான் சந்தேகம் தட்டியது. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன். தக்காளிச் செடியைத் தொட்டவர்களுக்கு அந்த வாசனை மறக்காது.

படத்தோடு புகார் செய்தேன். முதலில் "தண்ணீர் அதிகம் ஊற்றியிருப்பீர்கள்" என்றார்கள். தண்ணீர் அதிகம் ஊற்றினால் ரோஜா தக்காளியாகுமா என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பதிலில்லை. பிறகு தள்ளுபடி கூப்பன் தருகிறோம் என்றார்கள். கடைசியில், நான் போட்ட ஒற்றை ஸ்டாரை ஐந்தாக மாற்றினால் பாதிப் பணம் திரும்ப வரும் என்றார்கள். மாற்றவில்லை, பணமும் வரவில்லை. வாங்குமுன் நான் நம்பிப் படித்த புகழ்மாலைகளில் எத்தனை இப்படி வந்தவையோ.

இப்போது விதை எங்கே வாங்கினாலும், பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுகிறேன். அன்றைக்கே பத்து விதையை ஈரத் துணியில் சுருட்டி, மூடிய டப்பாவில் வைக்கிறேன். திருநீற்றுப்பச்சை, சாமந்தி மாதிரி சீக்கிரம் முளைப்பவை கெடு முடிவதற்குள் காட்டிக்கொடுத்துவிடும். புதினா, ரோஸ்மேரி இரண்டையும் வேர்விட்ட கன்றாகத்தான் வாங்குகிறேன்.

அதே செட் போன வாரம் வேறு கடைப் பெயரில் திரும்பக் கண்ணில் பட்டது. படம் அதேதான், லாவெண்டரும் நீல ரோஜாவும் ஒரே தொட்டியில். உற்றுப் பாருங்கள், தொட்டியின் நிழல் இடப்பக்கம் விழுகிறது, பூக்களின் நிழல் வலப்பக்கம்.