வெல்டிங் மேசையில் பேண்ட் சா: நிமிர்த்தி மாட்டுவதா, படுக்கவைப்பதா, தனி ஸ்டாண்டா?

என் வெல்டிங் மேசையின் முன்விளிம்பில் நாலு துளைகள் சும்மா கிடந்தன. இரண்டு சக்கரத்தில் வளையமாக ஓடும் பல் பிளேடால் இரும்பு வெட்டும் கைப்பிடி பேண்ட் சாவை முதன்முதலில் மாட்டிய இடம் அது. ஆங்கிளில் பிராக்கெட் செய்து, துளை போட்டு, மரை வெட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்துப் பூட்டினேன். மூன்றாவது வாரம் கழற்றிவிட்டேன். மெஷினில் ஒரு குறையும் இல்லை. மேசையின் எந்தப் பக்கம், நிமிர்த்தியா படுக்கவைத்தா என்பதையெல்லாம் யோசிக்காமல் டிரில்லைக் கையில் எடுத்ததுதான் தப்பு.

கைப்பிடி பேண்ட் சா வைத்திருப்பவர் பலரும் ஒரு நாள் இந்த இடத்துக்கு வருவார்கள். ஆறேழு கிலோ மெஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பத்து டியூப் வெட்டினால் பதினோராவது கோணலாகத்தான் போகும். மெஷின் நிற்க, நாம் இரும்பைத் தள்ளினால் நன்றாயிருக்குமே என்று தோன்றும். இல்லையென்றால் இரும்பு நிற்க, மெஷின் தானாக இறங்கினால் தேவலை என்று தோன்றும். முதல் ஆசைக்கு நிமிர்ந்த மாட்டல், இரண்டாவதற்குப் படுத்த மாட்டல். இரண்டையும் ஒரே மேசையில் ஒரே பிராக்கெட்டில் செய்துவிடலாம் என்று கிளம்புபவர்கள் பெரும்பாலும் இரண்டையும் அரைகுறையாகச் செய்து முடிக்கிறார்கள்.

கட்-ஆஃப் மெஷின் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? 355 மி.மீ. கட்டிங் வீல் நிமிடத்துக்கு 3,800 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நிமிடத்துக்குச் சுமார் 4,200 மீட்டர் ஓடுகிறது. கைப்பிடி பேண்ட் சாவின் பிளேடு முழு வேகத்தில்கூட நூறு மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அங்கே பொறி மழை, இங்கே காலடியில் கொஞ்சம் தூள். வீல் தின்னும் இரும்பு 3 மி.மீ. அகலம், பிளேடு தின்பது ஏறக்குறைய 1 மி.மீ. வெட்டிய முனையை உடனே கையில் பிடிக்கலாம், அரத்தால் ஒரு இழு இழுத்துவிட்டு டேக் (தற்காலிகப் பொட்டு வெல்ட்) வைக்கலாம். கெட்டிப்படுத்திய எஃகு வந்தால் மட்டும் பழையபடி கட்டிங் வீல்தான். அதில் பேண்ட் சா பிளேடைக் கொடுத்தால் பல் போய்விடும்.

நிமிர்த்தி மாட்டினால்

கையில் பிடித்து வெட்டும்போது, இரும்பு சாய்ந்து நிற்பதற்கென்று மெஷினில் ஒரு சிறிய தடுப்புத் தகடு இருக்கும். அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு 6 மி.மீ. பிளேட்டைப் பூட்டினால் அதுவே சிறிய வெட்டு மேசை. மோட்டாரும் கைப்பிடியும் கீழே தொங்கும், முன்சக்கரம் மேலே நிற்கும். பிளேடு மேலிருந்து கீழாக ஓடுவதால் இரும்பை மேசையோடு சேர்த்து இழுத்துப் பிடிக்கிறது, துண்டு குதிக்காது. தயார்நிலையில் விற்கும் மேசைகளும் உண்டு. ஆனால் துளைகளின் இடம் மாடலுக்கு மாடல் மாறும், பார்த்து வாங்க வேண்டும். நாமே செய்வதென்றால் பிளேட்டின் அடியில் தாங்கியை வெல்ட் அடிப்பதைவிட, தலை உள்ளே பதியும் ஸ்க்ரூவால் பூட்டுவது மேல். 6 மி.மீ. பிளேட்டில் நீளமாக வெல்ட் ஓட்டினால் அது வளைந்துகொள்ளும். பிறகு அதில் எதை வைத்தாலும் ஆடும்.

பிளேடை மாற்றுவதற்காக மேசையின் ஓரத்திலிருந்து நடுவரை ஒரு பிளவு விட்டாக வேண்டும். சின்னத் துண்டுகள் அதில்தான் போய் மாட்டும். இதற்கு நான் செய்வது: 3 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றை மேசையின் அளவுக்கு வெட்டி, மெஷினை ஓடவிட்டு, அந்தத் தகட்டையே பிளேடுக்குள் மெல்லத் தள்ளுவேன். தனக்கு வேண்டிய அளவுக்குப் பிளேடே வழி போட்டுக்கொள்ளும். நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, அடியில் இரட்டைப் பக்க டேப் ஒட்டி அழுத்திவிட்டால் பிளேடைச் சுற்றி மயிரிழை இடைவெளிதான் இருக்கும். தகடு தேய்ந்தால் பிய்த்துவிட்டு வேறொன்று.

பிளேடு மேசைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்ப்பது ஆரம்பத்துக்குச் சரி. நம்பகமான சோதனை வேறு. 25 மி.மீ. சதுரக் கம்பி ஒன்றை வெட்டி, இரண்டு துண்டில் ஒன்றை மட்டும் தலைகீழாகப் புரட்டி, வெட்டிய முகங்களை மேசைமேல் ஒட்டவைத்துப் பாருங்கள். மேலேயோ கீழேயோ வெளிச்சம் தெரிந்தால் சாய்வு இருக்கிறது. தெரியும் இடைவெளி உண்மையான பிழையைப் போல இரண்டு மடங்கு. அந்தப் பக்கத்து ஸ்க்ரூவின் அடியில் மெல்லிய தகட்டுத் துண்டைச் செருகி இன்னொரு முறை வெட்டிப் பாருங்கள். என் மெஷினுக்கு மூன்று முறை செருக வேண்டியிருந்தது.

இந்த மாட்டல் எதற்கு நல்லது என்றால் சில்லறை வேலைகளுக்கு. மூலைத் தாங்கிக்கு முக்கோணத் தகடு, பிராக்கெட்டில் 5 மி.மீ. குறைப்பது, பைப்பின் வாயை மீன்வாய்போலக் குடைவது, ஃபிளாட்டில் (பட்டை இரும்பில்) பள்ளம் போடுவது, இதெல்லாம் முன்பு கிரைண்டரைக் கையில் எடுத்த வேலைகள். குறுக்கே எவ்வளவு நீளக் கம்பியையும் வெட்டலாம். நெடுக்காக வெட்டும்போது மட்டும் மெஷினின் உடம்பு பின்னால் மறித்து நிற்கும். பெரிய மெஷினில் அந்த ஆழம் 127 மி.மீ., சிறியதில் 64 மி.மீ. பிளேடு 13 மி.மீ. அகலம் என்பதால் வளைவு வெட்டலாம் என்ற ஆசையையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். சுமார் 63 மி.மீ. ஆரத்துக்குக் கீழே போனால் பிளேடு முறுக்கிக்கொண்டு நிற்கும்.

அப்புறம் ஆபத்து. கடையில் நிற்கும் பெரிய பேண்ட் சாவில் பிளேடை நேராகப் பிடிக்கும் மேல் கைடை இரும்புக்குப் பக்கத்தில் இறக்கிவிடலாம். கைப்பிடி மெஷினில் இரண்டு கைடும் அசையாதவை. பெரிய மெஷினில் 3 மி.மீ. தகட்டை வெட்டும்போது அதற்கு மேலே நூறு மி.மீ.க்கு மேல் பிளேடு வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும். கையுறையோடு அதன் அருகில் போகவே கூடாது, துணி மாட்டினால் விரலும் சேர்ந்து போகும். சின்னத் துண்டைத் தள்ள ஒரு மரக்குச்சி எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

படுக்கவைத்தால்

கீல் வைத்த சட்டத்தில் மெஷினைப் பூட்டி, கீழே இரும்பைக் கவ்வ வைஸ் வைத்து, மெஷின் தன் எடையிலேயே இறங்கி வெட்டும்படி செய்வது இரண்டாவது வழி. பாரம் அதிகமானால் ஸ்பிரிங் போட்டுத் தாங்கலாம். ஒரே அளவில் இருபது துண்டு வேண்டுமென்றால் இதற்கு நிகர் கிடையாது. ஸ்டாப்பரில் முட்டவை, இறுக்கு, இறக்கு. மெஷின் வெட்டுகிற நேரத்தில் பக்கத்தில் நின்றபடியே அடுத்த டியூப்பில் அளவு குறித்துக்கொள்ளலாம்.

கீல் மட்டும் ஏமாற்றும். கதவுக் கீலைப் போட்டுச் செய்தால் அதில் இருக்கும் துளியூண்டு ஆட்டம் பிளேடு இருக்கும் தூரத்துக்குப் பல மடங்காகப் பெருகிவிடும். நீளமான புஷ்ஷும் லாக் நட்டும் போட்டு, பக்கவாட்டில் கொஞ்சமும் அசையாமல் செய்தால்தான் உருப்படும். 45 பாகை வெட்டுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. சாய்த்து வெட்டும்போது பிளேடு கடக்கும் அகலம் 1.414 மடங்காகிறது. ஆகவே 127 மி.மீ. மெஷினில் 45 பாகையில் சுமார் 90 மி.மீ. அகல டியூப் வரைதான் போகும். நூறு மி.மீ. சதுரக் குழாயில் சட்டம் செய்கிறவர் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இவ்வளவு நல்லதாக இருந்தும் இதை வெல்டிங் மேசையில் ஏற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். வைஸும் சட்டமும் மேசைப்பரப்பில் உட்காரும், வெட்டவேண்டிய நீளக் குழாய் மேசையின் குறுக்கே படுக்கும். பாதி டேக் வைத்த கேட் மேசைமேல் கிடக்கிறது, ஒரு குறுக்குச் சட்டம் குறைகிறது என்று வையுங்கள். கேட்டைக் கீழே இறக்கிவிட்டா வெட்டுவது? வெட்டும் வேலை பெரும்பாலும் வெல்டிங்கின் நடுவில்தான் வரும். படுக்கைவாட்டு மாட்டலுக்குச் சுவரோரத்தில் சக்கரம் வைத்த தனி ஸ்டாண்டுதான் சரி.

பிளேடு தேர்விலும் இரண்டும் பிரிகின்றன. எந்நேரமும் மூன்று பற்களாவது இரும்பில் பதிந்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. 3 மி.மீ. தகட்டுக்கு அங்குலத்துக்கு 24 பல், 6 மி.மீ. என்றால் 14 பல் என்று கணக்கு வரும். நிமிர்ந்த மெஷினில் மெல்லிய தகடே அதிகம் போகும் என்பதால் 18 அல்லது 24. படுத்த மெஷினில் கனத்த குழாயும் கம்பியும் வரும், அதற்கு 14-18 கலப்புப் பல்.

எந்த விளிம்பு, எந்தப் பூட்டு

நான் மாட்டிய முன்விளிம்புக்கு வருகிறேன். நாம் எப்போதும் நிற்கிற பக்கம் அது. வெல்டிங் செய்யும்போதெல்லாம் இடுப்பில் இடித்தது. அதைவிடப் பெரிய தொல்லை, வெட்டுகிற குழாய் விளிம்புக்கு இணையாக அந்தரத்தில் நீண்டது. பக்கத்தில் அவ்வளவு பெரிய மேசை இருந்தும் அதன் மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. குறுகிய பக்கத்தில், மேசையின் கோடியில் மாட்டினால் குழாயின் ஒரு பாதி வெல்டிங் மேசைமேலேயே படுத்துக்கொள்ளும். தனியாகத் தாங்கி தேவையில்லை.

அப்படி மாட்டும்போது வெட்டு மேசை அரை மி.மீ. உயரமாக இருக்கட்டும். தாழ்ந்திருந்தால் குழாய் வெல்டிங் மேசையின் விளிம்பில் ஏறி நின்று, பிளேடு இருக்கும் இடத்தில் தூக்கிக்கொள்ளும். வெட்டும்போது தடதடவென்று அடித்துப் பல் உடைவது அப்போதுதான்.

நிரந்தர பிராக்கெட்டா, கழற்றி மாட்டும் சாக்கெட்டா? நான் சாக்கெட் கட்சி. மேசைக்கு அடியில் 60×60×5 சதுரக் குழாயில் ஒரு முழத் துண்டு, வெட்டு மேசையின் அடியில் 50×50 குழாய். கணக்குப்படி உள்ளளவு 50 மி.மீ., ஆனால் குழாயின் உள்ளே ஓடும் வெல்ட் தையலும் மூலை வளைவும் விடாது. தையலை அரத்தால் ராவி, உள்குழாயின் மூலைகளையும் கிரைண்டரில் கொஞ்சம் தட்டினால் போகும். பிறகு இறுக்குகிற போல்ட்டை ஒரே பக்கத்தில் வைக்காதீர்கள். கீழிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று வைத்தால் உள்குழாய் எதிர் மூலையில் போய்ப் பதிகிறது. கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில் உட்காரும். அதே சாக்கெட்டில் வைஸையும் பெஞ்ச் கிரைண்டரையும்கூட மாறி மாறிச் செருகலாம். மெஷின் மாடல் மாறினாலும் மேல் பிளேட்டை மட்டும் வேறு செய்தால் போதும்.

ஏற்கெனவே வைஸ் இருந்தால் அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. வெட்டு மேசையின் அடியில் ஒரு கனமான ஃபிளாட்டைத் தொங்கவிட்டு அதை வைஸில் கவ்வவைப்பது. உயரம் வெல்டிங் மேசையோடு ஒத்துவராது, வைஸும் அந்நேரம் கிடைக்காது. ஆனாலும் நமக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க ஒரு மாதம் இப்படி ஓட்டுவது தப்பில்லை. நான் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

16 மி.மீ. துளைகள் போட்ட ஃபிக்ஸ்சர் மேசை வைத்திருப்பவர்களுக்கு அந்தத் துளைகளிலேயே பூட்டத் தோன்றும். மோட்டார் கீழே தொங்குவதால் எப்படியும் ஓரத்துக்குத்தான் வர வேண்டும்; ஓரத்து வரிசைத் துளைகள் பிராக்கெட்டுக்கு உதவும், அவ்வளவே.

மின்சாரம், தெறிப்பு, சுவிட்ச்

மேசைமேல் வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப் மாட்டியவுடன் அதோடு தொட்டுக்கொண்டிருக்கும் எல்லா இரும்பும் வெல்டிங் சர்க்யூட்டில் சேர்ந்துவிடுகிறது, பேண்ட் சாவின் சட்டம் உட்பட. கிளாம்ப் தளர்வாக இருந்தால் கரண்ட் வேறு வழி தேடும். மேசையில் செருகியிருக்கும் மெஷினின் உடம்பு வயரின் எர்த்தோடு இணைந்திருந்தால் அந்த மெல்லிய கம்பி வழியாகவே போகப் பார்க்கும், அது தாங்காது. இரட்டை இன்சுலேஷன் உள்ள மெஷினிலும் பேட்டரி மெஷினிலும் அந்த வழி இல்லை. இருந்தாலும் வெட்டு மேசைமேல் வைத்து டேக் அடிக்கக் கூடாது, கரண்ட் பேரிங் வழியாகப் போனால் பேரிங் கெடும். வெல்டிங்குக்கு முன் பிளக்கைப் பிடுங்கு, முடிந்தால் மெஷினையே கழற்றி வை. சாக்கெட்டின் பெருமை இங்கேதான் முழுசாகத் தெரிகிறது. நிரந்தர பிராக்கெட்டில் இருந்த மூன்று வாரத்தில் என் மெஷினின் சக்கர ரப்பரில் தெறிப்பு ஒட்டி, பிளேடு ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்றது.

பிளேடுக்கு மெழுகு தடவுகிறவர்கள் வெட்டிய முனையைத் துடைத்துவிட்டு வெல்ட் வைக்க வேண்டும், டிக் வெல்டிங்கில் துளைத்துளையாகப் பொரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

நிமிர்த்தி மாட்டியபின் டிரிகரை விரலால் பிடிக்க முடியாது. பட்டையைச் சுற்றி அழுத்திக் கட்டிவிடுவதைப் பலர் செய்கிறார்கள். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது மெஷின் தானே ஓட ஆரம்பிக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். டிரிகர் கட்டியபடி இருக்க, மெஷினுக்கு வரும் கரண்டையே மிதித்தால் விட்டு, காலை எடுத்தால் நிறுத்தும் கால் சுவிட்ச் நல்ல வழி, இரண்டு கையும் இரும்பைப் பிடிக்கக் கிடைக்கும். ஆனால் வயர் மெஷின்களிலும் சிலவற்றில், சுவிட்ச் போட்ட நிலையில் கரண்ட் வந்தால் ஓடாதபடி பாதுகாப்பு வைத்திருப்பார்கள். அவற்றில் கால் சுவிட்ச் வேலை செய்யாது. பேட்டரி மெஷினுக்குக் கால் சுவிட்ச் வசதியே இல்லை. மாட்டல் செய்யவே மெஷின் வாங்குகிறவர் என்றால், அந்தப் பாதுகாப்பு இல்லாத, வேகம் மாற்றக்கூடிய வயர் மெஷினை எடுப்பதுதான் புத்தி.

இப்போது என் மேசையின் இடக்கோடியில் சாக்கெட், அதில் நிமிர்ந்த பேண்ட் சா. நீளக் குழாய்க்குப் படுக்கைவாட்டு ஸ்டாண்ட் ஒன்று பாதி முடிந்து சுவரில் சாய்ந்திருக்கிறது, புஷ் மட்டும் கடைந்து வர வேண்டும். முன்விளிம்பின் நாலு துளைகளில் ஒன்றில் போல்ட் போட்டு எர்த் கேபிளின் முனையிலுள்ள வளையத்தை (லக்) இறுக்கிவிட்டேன். கிளாம்ப்பைவிட நன்றாகப் பிடிக்கிறது.