வலுவான வாதம் முதலிலா, கடைசியிலா?

வாதங்களின் வரிசை பற்றிய பேச்சில் இரண்டு கேள்விகள் கலந்துவிடுகின்றன. எதிர்த் தரப்பினரை முந்திப் பேசுவது நல்லதா, பிந்திப் பேசுவது நல்லதா என்பது ஒன்று. நம் வாதங்களுக்குள்ளேயே வலுவானதை எங்கே வைப்பது என்பது மற்றொன்று.

முதற் கேள்விக்கு, முந்திக்கொண்டவருக்கே வெற்றி என்று அமெரிக்க உளவியலாளர் லண்ட் 1925-இல் ஒரு விதியாகவே எழுதினார். அது எல்லா இடத்திலும் பொருந்தவில்லை. 1959-இல் மில்லர், கேம்பெல் இருவரும் ஒரு வழக்கு விசாரணையின் வாதங்களை வைத்துச் சோதித்தபோது, இரு தரப்பையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒரு வாரம் கழித்துக் கருத்துச் சொன்னவர்கள் முதல் தரப்பின் பக்கமும், இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் விட்டு இரண்டாவதைக் கேட்ட கையோடு கருத்துச் சொன்னவர்கள் பிந்திய தரப்பின் பக்கமும் சாய்ந்தார்கள். ஆக, இடைவெளி எங்கே விழுகிறது என்பதே இங்கு முக்கியம். நம் அமர்வு நீதிமன்றங்களில் அரசுத் தரப்பு முதலில் தொகுத்துரைக்க, குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பு பதிலுரைக்கிறது. ஆயினும் குறிப்பெடுத்துக்கொண்டு, காரணம் காட்டித் தீர்ப்பெழுத வேண்டிய நீதிபதிக்கு இந்தச் சோதனை முடிவை அப்படியே பொருத்துவது சரியாகாது.

இரண்டாவது கேள்வியே எனக்கு நெருக்கமானது. கடைசியில் வைப்பதன் வலிமைக்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை விஞ்சிய சான்று நான் அறியேன். கண்ணகி முதலில் தன் ஊரையும் குலத்தையும் சொல்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்று மன்னன் சொன்ன பிறகே தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அவன் வாயாலேயே வந்தபின் சிலம்பு உடைகிறது. ஆனால் அந்த அவையில் மன்னன் அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

எல்லாருக்கும் அப்படிக் கேட்பவர் வாய்ப்பதில்லை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு மூதாட்டி, தன் நிலத்தின் பட்டா வேறொருவர் பெயருக்கு மாறிய கதையை மாமனார் காலத்துப் பாகப்பிரிவினையிலிருந்து தொடங்கியதைக் கண்டேன். அவர் கணவர் பெயரில் பதிவான கிரயப் பத்திரம் மஞ்சள் பைக்குள்ளேயே இருந்தது. அதை எடுப்பதற்குள் மனுவின் ஓரத்தில் 'வட்டாட்சியர், நடவடிக்கைக்கு' என்று எழுதப்பட்டு, அடுத்தவர் அழைக்கப்பட்டுவிட்டார். கடைசிவரை கேட்பார்கள் என்ற உறுதி உள்ளவரே சிறந்ததைக் கடைசிக்கு ஒதுக்க முடியும். எளியவர்களுக்கு அந்த உறுதி கிடையாது. அவர்களுக்கு மனு எழுதித் தருகிறவர்கள் இதை அறியாமலிருப்பது பெருந்தீங்கு.

வலுவானவற்றை இரு முனைகளிலும் நிறுத்தி, நலிந்தவற்றை நடுவில் மறைக்கும் மூன்றாவது முறையும் பழையதே. நீண்ட உரைக்கு அது உதவலாம்; ஒரு பக்க மனுவில் நலிந்த வாதத்தை விட்டுவிடுவதே மேல்.

அந்த மூதாட்டிக்கு மறுபடி எழுதிய மனுவின் முதல் வரியில் கிரயப் பத்திரத்தின் எண்ணும் ஆண்டும், இரண்டாவது வரியில் சர்வே எண்ணும் இடம்பெற்றன. மாமனார் மூன்றாவது பத்தியில் வந்தார்.