கோல்ஃப் மட்டைக்குப் புது ஷாஃப்ட்: சென்னையா, தஞ்சாவூர் லேத் பட்டறையா?

சிங்கப்பூர், துபாய் என்று இருந்துவிட்டு ஊர் திரும்பிய டெல்டாக்காரர்கள் சிலர் கோல்ஃப் பையையும் கூடவே கொண்டுவந்திருக்கிறார்கள். ஷாஃப்ட், அதாவது மட்டையின் நீண்ட தண்டு, வளைந்துபோனால் இரண்டு வழி. சென்னையில் இருக்கும் கோல்ஃப் மட்டை மெக்கானிக்குக்கு அனுப்பலாம், இல்லை, தஞ்சாவூரில் ஒரு லேத் பட்டறையைப் பிடித்து நாமே மாட்டிக்கொள்ளலாம். ஸ்டீல் ஷாஃப்ட் போட்ட அயர்ன் (உலோகத் தகடு போன்ற தலை உள்ள மட்டை) என்றால் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், கிராஃபைட் ஷாஃப்ட் போட்ட டிரைவர் (வெகுதூரம் அடிக்கும் பெரிய தலை மட்டை) என்றால் சென்னைதான் என்பது என் கட்சி.

அயர்னின் தலையை ஷாஃப்டோடு பிடித்து வைத்திருப்பது எபாக்ஸி பசை. தலையின் கழுத்தை ஹீட் கன்னால் சுடவைத்தால் பசை இளகும். தலையைத் திருகிக் கழற்றிவிடலாம். உள்ளே காய்ந்து கிடக்கும் பழைய பசையைக் கம்பி பிரஷ் விட்டுச் சுரண்ட வேண்டும். அதன் பிறகு வருவதுதான் முக்கியம்: புது ஷாஃப்டின் நுனியில் ஓர் அங்குலத்துக்குக் குரோம் பூச்சை எமரித் தாளால் தேய்த்து எடுப்பது. கோல்ஃப் மட்டையைக் கையில் தொட்டிராத பட்டறைத் தம்பி பார்த்ததுமே சொன்னார்: "அண்ணே, இந்த மினுமினுப்ப எடுக்காம ஒட்டுனா கழண்டு பறந்துரும்." ஐந்து நிமிடத்தில் இறுகும் பசை வேண்டவே வேண்டாம். ஷாஃப்டுக்கென்றே விற்கும் எபாக்ஸியை வரவழைத்து, ஒட்டியபின் 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள்.

பட்டறைக்குப் போவதில் இன்னொரு லாபம், அங்கே விட்டத்தை நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் இருக்கும். அயர்ன் ஷாஃப்டின் நுனி விட்டம் இரண்டு வகை: 0.370 அங்குலம் (சுமார் 9.4 மி.மீ.), 0.355 அங்குலம் (சுமார் 9 மி.மீ.). முதல் வகை நுனியில் ஒரே பருமனாக இருக்கும், நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். இரண்டாவது நுனியை நோக்கிக் கூம்பி வரும். ஒவ்வொரு அயர்னுக்கும் அதற்குரிய நீளத்திலேயே வாங்க வேண்டும். அளக்காமல் ஆன்லைனில் ஆர்டர் போட்டால் பணம் பாழ்.

கிராஃபைட் கதையே வேறு. அது பிசினில் தோய்த்த கார்பன் இழை. சூடு கூடினால் பிசின் கருகும், திருகினால் இழை முறியும். நேராக இழுத்துக் கழற்றும் கருவி இல்லாமல் அதைத் தொடக் கூடாது. சென்னை மெக்கானிக்கிடம் கருவி மட்டுமல்ல, வீசும்போது தலைப்பக்கம் எவ்வளவு கனமாகத் தெரியும் என்று அளக்கும் ஸ்விங் வெயிட் தராசும் இருக்கும். நேரில் போனால் இன்னும் நல்லது: ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப்) என்று ஷாஃப்டில் போடும் விறைப்புக்குப் பொது அளவுகோல் கிடையாது, ஒரு கம்பெனியின் ஆர் இன்னொன்றின் எஸ் போல இருக்கலாம். வீசிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். டிரைவர் திருகாணி ஸ்லீவ் வகையாக (ஷாஃப்ட் நுனியில் உள்ள குழலைத் தலையோடு திருகாணியால் மாட்டும் வகை) இருந்தால் மட்டும் இந்த அலைச்சல் மிச்சம். அதே கம்பெனி ஸ்லீவ் பொருத்திய ஷாஃப்டை வாங்கி, அதற்குரிய சாவியால் 'க்ளிக்' கேட்கும்வரை முறுக்கினால் போதும்.

அயர்னுக்கே கிராஃபைட் போடலாமா? முழங்கை வலி உள்ளவர்கள் தாராளமாகப் போடலாம். ஸ்டீல் பெரும்பாலும் 95 முதல் 130 கிராம் வரை, கிராஃபைட் 50 முதல் 80 வரை. நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்புக் காற்றில் ஸ்டீல் துருப்பிடிக்கும், கிராஃபைட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. மற்றவர்களுக்கு ஸ்டீலே போதும்.

எங்கே மாட்டினாலும் சித்திரை வெயிலில் பையைக் கார் டிக்கியில் பூட்டிவைக்காதீர்கள், பசை தளரும். சென்னைக்குப் பார்சல் போடும்போது பழைய ஷாஃப்டின் நீளத்தைச் சீட்டில் எழுதி மட்டையோடு கட்டுங்கள். பழைய கிரிப்பை, அதாவது கைப்பிடி உறையை, வெட்டித்தான் பெரும்பாலும் எடுப்பார்கள், புது கிரிப்புக்கும் சேர்த்தே விலை கேளுங்கள்.