நஜ்டோர்ஃபா, கேரோ-கானா?

சதுரங்கத்தில் வெள்ளை தன் ராஜாவுக்கு முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டால் கறுப்பில் என்ன ஆடுவது? அதற்குக் கறுப்பு ஆடும் தொடக்க முறைகளில், நான் சிசிலியனின் நஜ்டோர்ஃப் வகையை விட்டுக் கேரோ-கானுக்கு மாறிவிட்டேன். என்னை மாற்றியவை இரண்டு பழைய ஆட்டக் குறிப்புகள். இரண்டிலும் தோற்றது கறுப்புதான். தோற்ற விதம் வேறு.

1972 உலகச் சாம்பியன் போட்டியின் 11-வது ஆட்டம். நஜ்டோர்ஃபில் ஊறிய அமெரிக்கர் ஃபிஷர் கறுப்பில் ஆடினார்; ராணியை அனுப்பி 'நஞ்சுச் சிப்பாயை', அதாவது வெட்டினால் ஆபத்தில் மாட்டக்கூடிய சிப்பாயை, வெட்டினார். அப்போதைய சாம்பியன் ஸ்பாஸ்கி 14-வது நகர்வில் குதிரையை அது புறப்பட்ட கட்டத்துக்கே திருப்பிக்கொண்டுபோனார். அந்த ராணி மீளவில்லை.

1997-இல் டீப் ப்ளூ என்ற கணினியுடன் உலகச் சாம்பியன் காஸ்பரோவ் ஆடிய கடைசி ஆட்டம் கேரோ-கான். குதிரையை விரட்ட, 7-வது நகர்வில் யானைக்கு முன்னிருந்த சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். ராஜாவுக்கு அருகே மந்திரி வந்து செக் வைக்கக்கூடிய கட்டத்தை அதுவரை காத்துநின்றது அந்தச் சிப்பாய்தான். இயந்திரம் குதிரையைப் பலிகொடுத்தது. 19-வது நகர்வோடு ஆட்டம் முடிந்தது.

இரண்டாவது தோல்விக்கான காரணம் பலகையிலேயே தெரிகிறது. ஒருமுறை புரிந்தால் போதும், மறக்காது. ஸ்பாஸ்கியின் குதிரை பின்வாங்கியதை எந்தப் பொது விதியை வைத்து ஊகிப்பது? அதை முன்பே படித்திருக்க வேண்டும். நஜ்டோர்ஃப் முழுக்க இப்படித்தான்: ஆறாவது நகர்வில் வெள்ளைக்கு ஐந்தாறு வழிகள், ஒவ்வொன்றுக்கும் தனி மனப்பாடம். கொஞ்ச நாள் தொடாமல் விட்டால் துருப்பிடித்துவிடும். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு அந்தப் பயண நேரம்தான் படிப்பு நேரம். அதைப் பழைய பாடத்தைப் புதுப்பிப்பதிலேயே செலவழிக்க எனக்கு மனமில்லை. வேலூர்ப் போட்டிகளில் எதிரே உட்காரும் பள்ளிப் பிள்ளைகளோ கணினியில் அலசிய புது நகர்வுகளோடு வருகிறார்கள். மனப்பாடப் பந்தயத்தில் அவர்களை முந்துவது கடினம்.

கேரோ-கானில் மந்திரியை முதலில் வெளியே கொண்டுவந்துவிட்டு, பிறகு சிப்பாய் அரணைக் கட்டுகிறேன். திட்டம் நினைவில் நின்றால் நகர்வுகளைப் பலகையிலேயே தேடிக்கொள்ளலாம்.

வெற்றி பெற்றே ஆக வேண்டிய கடைசிச் சுற்றில் நஜ்டோர்ஃப் தரும் கூர்மை இதில் இல்லை. ஆட்டம் எளிதில் சமனுக்குச் சாய்கிறது. மூன்றாவது நகர்விலேயே வெள்ளை சிப்பாயை முன்னேற்றி இடத்தை அடைத்துக்கொண்டால் மூச்சுமுட்டும். அந்த வகையை நான் அதிகம் எதிர்கொண்டதில்லை; என் தீர்ப்பை அங்கே முழுதாக நம்ப வேண்டாம். பயிற்சியாளரோடு தினமும் உட்காரும் மாணவர்கள் நஜ்டோர்ஃபையே எடுக்கலாம். அவர்களுக்கு நேரம் இருக்கிறது.