டெல்லியில் பைலட் கிரவுண்ட் கிளாஸ்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பிள்ளைகளை பைலட் படிப்புக்காக டெல்லிக்கு அனுப்ப நினைக்கும் நம் ஊர்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். ஏமாற்றப்பட்டவன் என் தம்பி. திருநெல்வேலியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, ஆர்.கே.புரத்தில் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்க வந்தான். துவாரகா பக்கம், பைலட் தேர்வுகளுக்குப் பாடம் நடத்தும் கிரவுண்ட் ஸ்கூல்களுக்குப் பஞ்சமே இல்லை. அதில் ஒன்றில் சேர்த்தோம்.

நம்மவர்களைப் பிடிக்கவே அங்கே ஒரு தமிழ்ப் பையனை கவுன்சிலராக வைத்திருக்கிறார்கள். "அக்கா, நம்ம ஊர்ப் பையன், நான் பாத்துக்கிறேன். ஆறு மாசத்துல எல்லா பேப்பரும் கிளியர், கேரண்டி" என்றான். சுவரில் பெரிதாக 'டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம்' என்று வேறு எழுதியிருந்தது. மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. அங்கீகரிப்பது விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சி நிறுவனங்களை. அந்தப் பட்டியல் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. இந்த இடத்தின் பெயர் அதில் இல்லை. தேர்வுக்கு யாரிடமும் சேராமல் சொந்தமாகப் படித்தும் போகலாம் என்பதை அந்தப் பையன் வாயே திறந்து சொல்லவில்லை.

இரண்டரை லட்சம், ஒரே தவணையில் வாங்கிக்கொண்டார்கள். வகுப்பு ஆங்கிலத்தில் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். இரண்டாவது வாரமே பாடம் முழுக்க இந்திக்குப் போய்விட்டது. நேவிகேஷன் எடுத்த ஆசிரியர் நடுவில் வேலையை விட்டுப் போனார். அதன் பிறகு பழைய வீடியோக்களைத் திரையில் ஓடவிட்டார்கள், அவ்வளவுதான்.

பெரிய அநியாயம், தேர்வெழுதுபவருக்கு டி.ஜி.சி.ஏ. தரும் கம்ப்யூட்டர் நம்பர் விஷயத்தில் நடந்தது. அந்த எண் இல்லாமல் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. "நாங்களே போட்டுத் தர்றோம்" என்று சொல்லி, தம்பியின் கணக்கில் தங்கள் அலுவலக மெயிலையும் மொபைல் எண்ணையும் கொடுத்துவிட்டார்கள். நம் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயரோடு இனிஷியல் மட்டும்தானே இருக்கும்? இவர்கள் அப்பா பெயரை சர்நேம் ஆக்கிவிட்டார்கள். சான்றிதழோடு பெயர் ஒத்துவரவில்லை என்று விண்ணப்பம் திரும்பியது. போதாததற்கு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலுக்குத் தமிழ்நாடு தேர்வுத்துறையிடமிருந்து உண்மைத்தன்மைச் சான்று வாங்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் சொன்னார்கள். திருத்தலாம் என்று உட்கார்ந்தால் ஓ.டி.பி. அவர்கள் போனுக்குப் போகும், அவர்களோ எடுக்க மாட்டார்கள். அந்த முறை தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதியே கடந்துவிட்டது. அன்று இரவு தம்பி சாப்பிடவில்லை.

அப்புறம் அவர்கள் பெருமையாகக் கொடுத்த 'ஒரிஜினல் கொஸ்டின் பேங்க்'. ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் கட்டு, தனியாகப் பதினைந்தாயிரம். 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்தை அதில் இன்னும் நடப்புச் சட்டமாகவே போட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக வந்த பாரதிய வாயுயான் அதினியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்னொரு கேள்வி: 1013 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்தத்துக்கு வைத்த ஆல்டிமீட்டரை (உயரம் காட்டும் கருவி) மாற்றாமல் 1003 உள்ள இடத்துக்குப் பறந்து போனால், கருவி 3,000 அடி காட்டும்போது உண்மையான உயரம் என்ன? ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 30 அடி. அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போவதால் விமானம் 2,700 அடியில்தான் இருக்கும். விடைப் பகுதியில் 3,300 என்று அச்சிட்டிருந்தது. இதை மனப்பாடம் செய்த பையன் தேர்வில் ஒரு மதிப்பெண் இழப்பதோடு போகாது. நாளைக்கு மலைக்கு மேலே பறக்கும்போது, கருவி காட்டுவதைவிட 300 அடி கீழே இருந்துகொண்டு, 300 அடி மேலே இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பான். எனக்கு வயிற்றைக் கலக்கியது இதுதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, 'சரிபார்ப்புக்கு' என்று வாங்கி வைத்திருந்த அசல் மதிப்பெண் பட்டியல்களைக் காட்டி மிரட்டினார்கள். பணத்தை இனிக் கேட்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டால்தான் தருவார்களாம். போலீசுக்குப் போகிறோம் என்று என் கணவர் சொன்ன பிறகுதான் மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

அசல் சான்றிதழை யாரிடமும் விட்டு வராதீர்கள், நகல் போதும். கம்ப்யூட்டர் நம்பருக்குப் பிள்ளையின் சொந்த மெயில், சொந்த எண்ணைக் கொடுத்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயரைப் போடுங்கள். உண்மைத்தன்மைச் சான்றை ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். எந்த நிறுவனத்துக்கும் பணம் கட்டும் முன் டி.ஜி.சி.ஏ. பட்டியலில் உள்ள மருத்துவரிடம் கிளாஸ் 2 மெடிக்கல் (பைலட்டுக்கான உடல்தகுதிச் சோதனை) எடுத்துவிடுங்கள். கண்ணிலோ காதிலோ குறை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். தேர்ச்சிக்கு ஒவ்வொரு பேப்பரிலும் 70 சதவீதம் வேண்டும், அதை எந்த நிறுவனமும் கேரண்டி தர முடியாது. பயிற்சி மையங்கள் இப்படிப் பொய் உத்தரவாதம் கொடுத்து விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது.

நாங்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறோம். ரசீது, கவுன்சிலரின் வாட்ஸ்அப் செய்திகள், அந்த ஜெராக்ஸ் கட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. தம்பி வீட்டிலேயே உட்கார்ந்து மெட்டியராலஜி (வானிலையியல்) படித்துக்கொண்டிருக்கிறான். கம்ப்யூட்டர் நம்பர் இப்போது அவன் சொந்த எண்ணில், சரியான பெயரில் வந்துவிட்டது. துவாரகாவில் வேறு யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தால் எழுதுங்கள், நுகர்வோர் ஆணையத்துக்குச் சேர்ந்தே போகலாம்.